தாலியைக் கழற்றி வைக்கும் தட்டு

கொட்டகை வாசலில் ஒரு பச்சை பிளாஸ்டிக் தட்டு இருந்தது. கல்யாண வீட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நீட்டுவார்களே, அந்த அளவுத் தட்டு. காலையில் வேலைக்கு உள்ளே போகிற ஒவ்வொரு பெண்ணும் வளையல், கம்மல், மூக்குத்தி, மெட்டி எல்லாவற்றையும் அதில் கழற்றி வைத்துவிட்டுத்தான் போகவேண்டும். தாலியையும். என் அக்கா தன் தாலியை அந்தத் தட்டில் வைத்ததால்தான் அவள் புருஷனுக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். அக்காவும் நம்பினாள். அந்த நம்பிக்கையில் ஒரு மழைக்காலத்தையும் ஒரு கோடையையும் தொலைத்தோம். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் அழுகை வருவதில்லை. கோபம்தான் வருகிறது.

எங்களுக்குக் கோவில்பட்டிப் பக்கம். அத்தான் கல்யாணத்துக்கு முன்பே ஓசூருக்கு வந்து, மோட்டார் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் காண்டிராக்டில் இருந்தார். மத்திகிரியில் வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீடுகளில் ஒன்று அவர்களுடையது. முன்னால் சிமெண்டு வாசல், பின்னால் எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். மாட்டுப் பண்ணையிலிருந்து காற்று அடித்தால் வீட்டுக்குள் பச்சைப் புல் வாசனை வரும். பிளஸ் டூ முடித்துவிட்டு ஊரில் சும்மா இருந்த என்னையும் அக்கா அழைத்துக்கொண்டாள். நான் வந்து சேர்ந்த சமயம் பார்த்து அத்தானின் கம்பெனியில் காண்டிராக்ட் ஆட்களை நிறுத்திவிட்டார்கள். நான் ராசி இல்லாதவள் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை வாங்கிக்கட்டிக்கொண்டிருப்பார்கள்.

அப்போதுதான் இந்தக் கொட்டகை வேலை வந்தது. புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் வேலை, தங்கைக்கும் வேலை, காலையில் ஓசூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து கூட்டிப்போக வேன். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது. அக்கா ஊருக்குப் போன் செய்து, "லேப்ல வேலைம்மா, மூணு பேருக்கும்" என்றாள். லேப் என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள். அது எங்கேயோ ஹைதராபாத்தில் இருந்தது. லேபுக்கு அனுப்புவதற்குக் கல்லைப் பொடியாக்குகிற இடம்தான் எங்களுடையது.

சூளகிரி தாண்டி, கிருஷ்ணகிரி ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு பழைய கோழிப்பண்ணை. நீளமான கொட்டகை, இரண்டு பக்கமும் இடுப்பளவு சுவர், அதற்கு மேல் கூரை வரைக்கும் கம்பி வலை. கோழிக்குக் காற்று வேண்டும் என்று அப்படிக் கட்டியிருந்தார்கள். எங்களை உள்ளே விடுவதற்கு முன்னால் அந்த வலை முழுவதையும் தகரம் வைத்து அடித்து மூடிவிட்டார்கள். கோழிக்கு விட்ட காற்றை மனுஷருக்கு அடைத்தார்கள். அன்றைக்கு எனக்கு இது தோன்றவில்லை. கோழி நாற்றம் போய்விட்டதே என்று சந்தோஷமாக இருந்தது.

மாவட்டத்தின் கிழக்கே குன்றுகளிலும், எல்லை தாண்டிக் கர்நாடகாப் பக்கத்திலும், ஆந்திராப் பக்கத்திலும் பூமியைத் துளை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துளையிலிருந்து உருளை உருளையாக வருகிற கல்லை மரப்பெட்டிகளில் அடுக்கி எங்களிடம் கொண்டுவந்து இறக்குவார்கள். பாதிக்கு மேல் வெள்ளைக் கல். அதற்குள் சில இடங்களில் சாம்பல் நிறத்தில் மினுமினுவென்று செதில் மாதிரி ஒன்று ஓடும். விரலால் தேய்த்தால் பென்சில் கரி போல ஒட்டும். மாலிப்டினம் என்றார் சூப்பர்வைசர். எங்கள் வாயில் அது மாலி ஆகிவிட்டது. இன்னும் வேறு வேறு உலோகங்களும் தேடினார்கள், அதெல்லாம் எங்கள் வாயில் நுழையவில்லை.

சூப்பர்வைசர் உள்ளூர்க்காரர். கெட்ட மனிதர் இல்லை. டீ நேரத்தில் பாடம் நடத்துவார். "நாளைக்கு பாருங்கம்மா, பெட்ரோல் எல்லாம் தீந்து போயிரும். காரு, வண்டி எல்லாம் பேட்டரிதான். காத்தாலைதான். பெங்களூருல இப்பவே ஒரு குட்டி காரு கரண்டுல ஓடிட்டுக்குது. அதுக்கெல்லாம் இந்த மாதிரி சாமானு வேணும். அது நம்ம மலைக்குள்ள எவ்ளோ இருக்குதுன்னு நீங்க எடுத்துத் தர்ற பொடிதான் சொல்லப் போவுது." சொல்லும்போது அவர் முகம் பூரித்துப் போகும். எங்களுக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. கரண்டு அடிக்கடி போகிற ஊரில் அந்தப் பேச்சு கேட்க நன்றாக இருந்தது.

வேலை இதுதான். அத்தானும் இன்னொருவரும் கல்லை மிஷினில் போட்டு ஜல்லியாக நொறுக்குவார்கள். பிறகு அடுத்த மிஷினில் போட்டு மாவாக்குவார்கள். அந்த மாவு எங்களிடம் வரும். ரப்பர் விரிப்பில் கும்பலாகக் கொட்டி, உச்சியை அமுக்கித் தோசை போலப் பரத்தி, தகட்டால் குறுக்கும் நெடுக்கும் கீறி நான்கு பங்காக்க வேண்டும். எதிரெதிரான இரண்டு பங்கைத் தள்ளிவிட்டு, மிச்சத்தைக் கலந்து மறுபடியும் கும்பலாக்கி மறுபடியும் நாலு பங்கு. கடைசியில் ஒரு கைப்பிடி மாவு மிஞ்சும். ஒரு பெட்டிக் கல்லுக்கும் அந்தக் கைப்பிடிதான் சாட்சி. அதைப் பாக்கெட்டில் போட்டு ஒட்டுவோம்.

கைப்பிடியிலிருந்து ஒரு சிட்டிகை பறந்தாலும் தப்பு. லேசான தூள் பறந்து கனமானது நின்றுவிட்டால் மலையின் கணக்கே மாறிவிடுமாம். அதனால் ஃபேன் கிடையாது. கதவு சாத்தியே இருக்கவேண்டும். யாராவது கதவைத் திறந்தால் எங்கிருந்தாவது சூப்பர்வைசரின் குரல் வரும்: "கதவ சாத்துங்கம்மா, காத்து வருது." சாயங்காலம் வெளியே வரும்போது எல்லோருக்கும் புருவமும் இமையும் நரைத்திருக்கும். ஒருவரை ஒருவர் பார்த்துக் கிழவி, கிழவன் என்று கேலி செய்துகொள்வோம். அத்தான் மிஷின் பக்கத்தில் நிற்பதால் முழுக் கிழவன். "எங்க அப்பா மாதிரியே இருக்காக பாருடி" என்று அக்கா சிரிப்பாள். வேனில் ஏறுமுன் ஆளுக்கொரு வெல்லக்கட்டி தருவார்கள். வெல்லம் தொண்டைத் தூசியை எடுத்துவிடும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம்.

ஒரு குன்றின் கல்லை அரைத்து முடித்து அடுத்த குன்றின் கல்லை அரைப்பதற்கு முன்னால் மிஷினைச் சுத்தம் செய்யவேண்டும். பழைய தூள் ஒட்டிக்கொண்டிருந்தால் புதுக் கல்லோடு கலந்துவிடும். தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது. அதற்கென்று மூட்டை மூட்டையாகத் தும்பைப்பூ மாதிரி வெள்ளைக் கல் வைத்திருந்தார்கள். அதில் மாலியும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. அந்த வெறுங்கல்லை மிஷினில் போட்டு அரைத்தால் பழையதையெல்லாம் துடைத்து எடுத்துக்கொண்டு போய்விடும். அந்த மாவை எடை பார்ப்பதில்லை, பங்கு போடுவதில்லை, அள்ளிக் குப்பையில் கொட்டுவதுதான். யாருக்கும் வேண்டாத மாவு என்பதால் அதற்கு மட்டும் மூடியை இறுக்காமல் ஓட்டுவார்கள். கொட்டகை முழுக்க வெண்புகை எழும்பும். மார்கழி மூட்டம் இறங்கின மாதிரி இருக்கும். அத்தான் அதற்குள் நின்றுகொண்டு எங்களைப் பார்த்துக் கையாட்டுவார்.

கூட்டிப் பெருக்குவதற்கு ஒரு அம்மா வந்துகொண்டிருந்தாள். ஆந்திரா எல்லைக்காரி, தெலுங்கு கலந்த தமிழ். புருஷன் இல்லாதவள். தினமும் காலையில் அவள் எதிரே வந்தால் அக்கா ஒரு நிமிஷம் நின்று, அவள் போனபிறகுதான் உள்ளே போவாள். அக்காவை மட்டும் சொல்வானேன், எல்லாப் பெண்களும் அப்படித்தான். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அந்த அம்மா துடைப்பத்தோடு வந்து அக்காவின் எதிரில் குத்தவைத்து உட்கார்ந்தாள். "ஏம்மா, உன் வீட்டுக்காரர மிஷின விட்டு எறக்கிரு. எங்க ஆளும் இந்த வெள்ளக் கல்லுதான் அரைச்சாரு. இருமி இருமியே போயிட்டாரு" என்றாள்.

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. சேலைக்குள் இருந்த தாலியைக் கையால் பொத்திக்கொண்டு எழுந்து, சாப்பாட்டையும் முடிக்காமல் அந்தப் பக்கம் திரும்பி நின்றாள். வீட்டுக்கு வந்தபிறகும் ஆறவில்லை. "அவ வாயில என்ன பேச்சு வருது பாத்தியா? தாலியறுத்தவ வந்து எம் புருசனப் பத்திப் பேசலாமாடி?" என்று புலம்பிக்கொண்டே உப்பும் மிளகாயும் எடுத்து அத்தானுக்குச் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் கமறவில்லை, அதனால் கண்ணேறு பட்டது நிஜம்தான் என்று முடிவு செய்துகொண்டாள். அதற்குப் பிறகு அந்த அம்மா எங்கள் பக்கமே வரவில்லை. கொஞ்ச நாளில் வேலையை விட்டும் போய்விட்டாள்.

இதற்கப்புறம்தான் தங்கம் கண்டுபிடித்தார்கள். ஏதோ ஒரு குன்றின் பாக்கெட்டில், இருக்கவே முடியாத இடத்தில், இம்மியளவு தங்கம் இருப்பதாக ஹைதராபாத்திலிருந்து போன் வந்தது. முதலில் ஒரே கொண்டாட்டம். பெரிய ஆட்கள் காரில் வந்து இறங்கினார்கள். அப்புறம் ஒருவருக்குச் சந்தேகம் வந்து எங்கள் கைகளையும் கழுத்துகளையும் பார்த்தார். பங்கு போடும்போது குனிகிறோம், தாலி விரிப்பில் உரசுகிறது, வளையல் தகட்டில் உரசுகிறது. மலையில் தங்கம் இல்லை, எங்கள் கழுத்திலிருந்து உதிர்ந்ததுதான் என்று தீர்மானித்தார்கள். அங்கே வேலை செய்த அத்தனை பேர் நகையையும் சேர்த்து உருக்கினால் ஒரு நல்ல சங்கிலிக்குக் காணாது. அந்த உரசலைக் கண்டுபிடிக்கிற அளவுக்கு அவர்களிடம் கருவி இருந்தது. ஊசி போகிற இடம் பார்க்கிறவர்கள் உலக்கை போகிற இடம் பார்க்கவில்லை.

மறுநாள் வாசலில் பச்சைத் தட்டு வந்துவிட்டது. வளையலும் கம்மலும் சுலபமாகப் போய்விட்டன. தாலிக்குத்தான் ரகளை. "நானு என்னாம்மா பண்றது, மேல இருந்து சொல்றாங்கோ" என்று சூப்பர்வைசர் கையைப் பிசைந்தார். எங்களோடு வேலை செய்த முஸ்லிம் அக்கா ஒருத்தி கருகமணியைக் கழற்றித் தட்டில் வைத்துவிட்டு, "வேலை வேணும்ல, வேற வழி?" என்று உள்ளே போய்விட்டாள். மற்றவர்கள் வாசலிலேயே நின்றார்கள். கடைசியில் சூப்பர்வைசரே ஒரு வழி சொன்னார். தங்கத்துக்குப் பதில் மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கைக் கட்டிக்கொள்ளுங்கள், அதில் உலோகம் இல்லை, அதுவும் தாலிதானே என்றார். வறுமை வந்து தாலியை அடகு வைத்த வீடுகளில் பெண்கள் அப்படிக் கட்டிக்கொள்வது உண்டு. அக்கா அத்தானைப் பார்த்தாள். "கட்டிக்கோ. சாயங்காலம் மாட்டிக்கிடலாம்ல" என்றார் அவர். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே தங்கத்தைத் தட்டில் வைத்துவிட்டுக் கிழங்கைக் கட்டிக்கொண்டாள்.

அந்த வருஷ ஐப்பசியில் அத்தானுக்கு இருமல் பிடித்தது. ஓசூர்க் குளிருக்கு எல்லோருக்கும்தான் இருமல் வரும் என்று விட்டுவிட்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கெலவரப்பள்ளி அணையைப் பார்க்கப் போனோம். அக்காவின் மகள், ஸ்கூலுக்குப் போகத் தொடங்கியிருந்த வயசு, முன்னால் ஓடிவிட்டாள். கரை மேலே ஏறுகிற படிகளில் அத்தான் பாதியில் உட்கார்ந்துவிட்டார். செருப்பில் கல் நுழைந்துவிட்டது என்று சொல்லிச் செருப்பைக் கழற்றித் தட்டினார். மறுபடியும் கொஞ்சம் ஏறி மறுபடியும் உட்கார்ந்தார். மறுபடியும் செருப்பைக் கழற்றித் தட்டினார். மூட்டை தூக்குகிற மனிதர், ஊரில் கபடி ஆடினவர். அக்கா தன் கழுத்து மஞ்சளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமையில் கூட அவள் தங்கத்தை மாட்டவில்லை. தினமும் கழற்றி மாட்டுவது பாவம், ஒரேயடியாகக் கழற்றி வைத்துவிடுவது மேல் என்று பெட்டியில் போட்டுப் பூட்டியிருந்தாள்.

பக்கத்து ஆஸ்பத்திரியில் மார்பைப் படம் எடுத்துப் பார்த்து டி.பி. என்றார்கள். எங்கே வேலை என்று கேட்டார்கள், கம்பெனி என்று சொன்னோம். கம்பெனி என்றால் ஓசூரில் அதற்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள். மாத்திரை கொடுத்தார்கள். அதில் சிறுநீர் சிவப்பாகப் போனது, பசி போனது, இருமல் மட்டும் போகவில்லை. வேலைக்கும் போய்க்கொண்டுதான் இருந்தார்.

விஷயம் தெரிந்து அத்தானின் அம்மா ஊரிலிருந்து வந்தாள். வந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, அக்காவின் கழுத்தைப் பார்த்துவிட்டாள். "ஏத்தா, தாலி எங்க?" என்றாள். அக்கா சொன்னாள். அந்த வாசலில் அன்றைக்கு எழுந்த ஒப்பாரியில் லைன் வீடு முழுக்கக் கூடிவிட்டது. "எம் மவன் உசுரோட இருக்கையிலே கழட்டி வச்சிட்டியே! ஊரான் தட்டுல வச்சியே! அதான் அவனுக்கு இப்படி மூச்சு முட்டுது!" அக்கா மாமியாரின் காலைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். அத்தான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "விடும்மா... விடும்மா" என்று இரண்டு வார்த்தைக்கு நடுவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கூடியிருந்தவர்களில் ஒருவர்கூட மாமியார் சொன்னதை மறுக்கவில்லை. எனக்கும் மறுக்கத் தோன்றவில்லை, அப்படித்தான் இருக்குமோ என்றுதான் பட்டது.

அடுத்த நாள் அக்கா தங்கத் தாலியோடு கொட்டகைக்கு வந்தாள். என் அக்காவை அப்படி நான் பார்த்ததே இல்லை. வாயில்லாப் பூச்சி என்று ஊரில் பெயர் எடுத்தவள். தட்டைக் கையில் எடுத்து வாசலுக்கு வெளியே வீசினாள். "ஒங்க மலையில தங்கம் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? எனக்கு எம் புருசன் வேணும்" என்று கத்தினாள். மற்ற பெண்களும் அவளோடு சேர்ந்துகொண்டார்கள். பெட்டிகள் இறங்காமல் லாரியிலேயே நின்றன. மத்தியானம் வரை யாரும் உள்ளே போகவில்லை. சூப்பர்வைசர் யார் யாருக்கோ போன் போட்டார். கடைசியில் மேலிடம் இறங்கி வந்தது. தாலியைத் துணியில் சுருட்டி, மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றி, டேப் ஒட்டி ரவிக்கைக்குள் போட்டுக்கொள்ளலாம், தட்டு மற்ற நகைகளுக்கு மட்டும் என்றார்கள்.

ஜெயித்துவிட்டோம். அந்த ஏரியாவில் பெண்கள் சேர்ந்து கேட்டு வாங்கினது அதற்கு முன்பு என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. சாயங்காலம் வேனை நிறுத்தி எல்லோரும் காராபூந்தி வாங்கித் தின்றோம். சூப்பர்வைசரும் சிரித்துக்கொண்டே, "பொம்பளைங்க நெனைச்சா நடத்திருவாங்கப்பா" என்றார். அன்று முழுக்க அந்தக் கதவு திறந்திருந்தது. நாங்கள் வெளியே நின்றதால் திறந்திருந்தது. உள்ளே போனதும் சாத்திக்கொண்டோம். கேட்டால் கிடைக்கும் என்று தெரிந்துபோன அந்த ஒரு நாளில் கதவைத் திறந்து வைக்கச் சொல்லியோ, மூடியை இறுக்கி ஓட்டச் சொல்லியோ, மூக்குக்கு ஒரு துணி தரச் சொல்லியோ அத்தனை பேரில் ஒருத்திக்கும் கேட்கத் தோன்றவில்லை. அத்தான் அன்றைக்கே மிஷினுக்குத் திரும்பினார். தோஷம் கழிந்துவிட்டதே, இனி என்ன பயம்?

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அவருக்கு உண்மையாகவே தேவலை ஆனது. கல் வரத்து குறைந்து கொட்டகை பாதி நாள் மூடியிருந்த சமயம் அது. நாங்கள் அதையும் தாலியின் கணக்கில்தான் எழுதிக்கொண்டோம். மாமியார் சந்தோஷமாக ஊருக்குப் போனாள். பிறகு லாரிகள் மறுபடி வரத் தொடங்கின, வெண்புகை மறுபடி எழுந்தது. கோடையில் அத்தானால் படுத்துத் தூங்க முடியவில்லை. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துகொண்டே கிடந்தார். மகளைத் தூக்கினால் உதடு நீலம் பாய்ந்தது. அதனால் அவளைத் தூக்குவதை விட்டார். அந்தக் குழந்தை அவர் மேல் கோபித்துக்கொண்டு திரிந்தது.

பெங்களூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். டாக்டர் வயசானவர். படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அப்புறம் எங்களைப் பார்த்து, "ஏனு கெலச? கல்லு கெலசானா?" என்றார்.

என்ன வேலை, கல் வேலையா என்று கன்னடத்தில் கேட்கிறார் என்பது அக்காவுக்குப் புரிந்தது. புரிந்ததும் அவசரமாகத் தலையாட்டி மறுத்தாள். "கல்லு வேலை இல்ல சார். நாங்க கல்லு ஒடைக்கிறவங்க இல்ல. லேப் வேலை, கம்பெனி." கல் உடைக்கப் போவது எங்கள் ஊரில் வேறு கதியில்லாதவர்கள் செய்கிற வேலை. புருஷன் சாகக் கிடக்கும்போதும் அந்த மானம் அவளை விடவில்லை. டாக்டர் சரி என்று எழுதப் போனார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "கல்ல அரைக்கிற வேலைதான் சார். வெள்ளக் கல்லு. மாவு மாதிரி பறக்கும்" என்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். அத்தானை வெளியே உட்காரச் சொன்னார். எங்களுக்குப் புரிகிற மாதிரி, கன்னடமும் தமிழுமாக மெதுவாகச் சொன்னார். இது டி.பி. மட்டும் இல்லை. அந்த வெள்ளைக் கல்லின் தூள் உள்ளே போய் நுரையீரலில் குத்தி உட்கார்ந்துவிட்டது. அது கரையாது, எடுக்கவும் முடியாது. குத்தின இடமெல்லாம் தழும்பாகிக் கல் மாதிரி இறுகிவிட்டது. "மொதல்லயே அந்த எடத்த விட்டிருந்தா இவ்வளவு ஆகாது. இப்ப மருந்து இல்லம்மா. மூச்சுக்கு மட்டும் ஏதோ குடுக்கறேன்" என்றார். அக்கா, "நான் தாலிய மாட்டிக்கிட்டேனே சார்" என்றாள். அவருக்கு அது புரியவில்லை. யாருக்குத்தான் புரியும்?

திரும்பும் பஸ்ஸில் அத்தான் ஜன்னலில் தலை சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். அத்திப்பள்ளி செக்போஸ்டில் லாரிகளுக்குப் பின்னால் பஸ் நின்றுவிட்டது. அக்கா என் கையைப் பிடித்து, குரலே இல்லாமல் சொன்னாள். "அவ சொன்னாளேடி. அந்தக் கூட்டிப் பெருக்குறவ. எறக்கிருன்னு சொன்னாளே."

அத்தான் மிஷினை விட்டு இறங்கினார். ஆனால் நெஞ்சுக்குள் அந்தக் கல் இறுகிக்கொண்டே போனது. சாகும்போது அவருக்கு வயசு அதிகமில்லை, தலையில் ஒரு நரை கிடையாது. கொட்டகையில் நாங்கள் கேலி செய்த அந்தக் கிழவனாக அவர் ஆகவே இல்லை. ஊருக்குக் கொண்டுபோய் எரித்தோம். கருமாதி அன்று சடங்கு செய்யக் கிழவிகள் அக்காவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருத்தி தாலியில் கை வைக்கப் போனாள். அக்கா அவள் கையைத் தள்ளிவிட்டு, தானே குனிந்து, கயிற்றை மேலே இழுத்துக் கழற்றினாள். "எனக்குக் கழட்டிப் பழக்கம்தான்" என்றாள். மாமியார் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அந்த நிமிஷம்கூட மாமியாரின் கண் அக்காவைக் குற்றம் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. டாக்டர் சொன்னதையெல்லாம் நான் விளக்கிச் சொல்லியிருந்தேன். கேட்டுக்கொண்டாள், நம்பவில்லை.

மத்திகிரிக்குத் திரும்பி வந்து சில நாளில் அக்கா, "வா, கொட்டகைக்குப் போவோம்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மறுபடி அங்கயா? பிச்சை எடுத்தாலும் எடுக்கலாம், அங்க வேண்டாம்" என்று சண்டைக்கு நின்றேன். "வேலைக்கு இல்லடி. மிஷின்ல இப்ப யாரு நிக்கான்னு பாக்கணும். அவுககிட்டச் சொல்லணும்" என்றாள்.

டவுன் பஸ், பிறகு பழைய வேன். டிரைவர் எங்களை ஏற்றிக்கொண்டார். கொட்டகையில் ஒன்றும் மாறவில்லை. வாசலில் அதே பச்சைத் தட்டு, நிறைய வளையல்கள். எங்களைப் பார்த்ததும் சூப்பர்வைசர் எழுந்து வந்தார். நிஜமாகவே கண் கலங்கினார். நாங்கள் வேலை கேட்டு வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார். "வாங்கம்மா, எப்ப வேணும்னாலும் வாங்க. இனிமே உங்களுக்கு இந்தத் தாலி, டேப்பு, அந்தத் தொல்லை எல்லாம் இல்லை" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அந்த மனிதரை அங்கேயே அறையவேண்டும் போல இருந்தது எனக்கு. அக்கா கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள்.

வெறுங்கல் ஓடிக்கொண்டிருந்தது. வெண்புகைக்குள் ஒரு புது ஆள் நின்றான். மீசை இப்போதுதான் தடித்திருந்தது. அக்கா அவனருகில் போய் ஏதோ சத்தமாகச் சொன்னாள். மிஷின் இரைச்சலில் அவனுக்குக் கேட்கவில்லை. காதைக் காட்டிச் சிரித்துவிட்டு, விரிப்பில் உட்கார்ந்திருந்த பெண்ணைக் கைகாட்டினான், அவளிடம் சொல்லுங்கள் என்பது போல. அவன் பெண்டாட்டி. கல்யாணமாகி வந்த புதுசு என்று பார்த்தாலே தெரிந்தது. அவளுக்குப் பிளாஸ்டிக் தாளும் டேப்பும் பிடிக்கவில்லையோ என்னவோ, கழுத்தில் புதுக் கயிற்றில் மஞ்சள் கிழங்கு தொங்கியது.

அக்கா அவள் எதிரில் குத்தவைத்து உட்கார்ந்தாள். "தாயி, நான் சொல்றதக் கேளு. ஒன் வீட்டுக்காரர மிஷின விட்டு எறக்கிரு. இன்னைக்கே கூட்டிட்டுப் போயிரு. எங்க ஆளு இந்த வெள்ளக் கல்ல அரைச்சுத்தான்..."

அந்தப் பெண் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு பொட்டில்லாத நெற்றியை, பிறகு வெறுங்கழுத்தை. அவள் முகம் சிவந்தது. பின்னாலிருந்து சூப்பர்வைசர், "கதவ சாத்துங்கம்மா, காத்து வருது" என்றார். அவள் எழுந்து, மஞ்சள் கிழங்கைக் கைக்குள் பொத்திக்கொண்டு, அக்காவின் பார்வை படாதபடி அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.